டிரைவைக் காணவில்லை என்று கொம்பியூட்டர் சொன்னால்: வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை. விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அம்மா, யூரியாப் பையால் மூடிக் கட்டிய கொம்பியூட்டர் பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். "தம்பி, இராத்திரி இடி முழங்கத் தொடங்க, பயத்திலை பிளக்கைக் கழட்டிப் போட்டன். விடியப் போட்டால் கறுப்பாக் கிடக்கு, வெள்ளை எழுத்திலை ஏதோ வருது" என்றார். திரையைப் போனில் படமெடுத்துக் கொண்டுவந்திருந்தார். 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ரொப்பர் பூட் டிவைஸ்' என்ற ஒற்றை வரி. எழும்புவதற்குரிய டிரைவைக் காணவில்லை என்பது அதன் பொருள்.

ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். டிஸ்க் செத்துவிட்டது, புதிது போட்டு விண்டோஸ் அடித்துத் தரலாம் என்றிருக்கிறார்கள். அவர் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் தங்கச்சி ஸ்கான் செய்து அனுப்பிய பழைய குடும்பப் படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. இவரிடம் இருந்த அல்பங்கள் 2009இல் போரில் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. தங்கச்சி அனுப்பியவற்றுக்கு வேறு பிரதி எடுத்து வைக்கவும் இல்லை.

அந்த டிஸ்க்குக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பழுதானது மதர்போர்டில், அதாவது எல்லாம் வந்து செருகும் முதன்மைப் பலகையில், இருக்கும் நாணயம் அளவான பற்றரி. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

'டிரைவைக் காணவில்லை' என்று வந்தால், டிஸ்க் செத்திருக்கலாம் என்பது பல காரணங்களில் ஒன்று மட்டும்தான். வயர், பவர், செட்டிங், பற்றரி, எறும்பு, துரு என்று மற்றவை நிறைய உண்டு. பழுது எதுவாக இருந்தாலும், அவசரத்தில் செய்யும் வேலைதான் உள்ளே இருப்பதை அழிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி தொடாமல் பார்க்கக்கூடியதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. வரிசையை மாற்றாமல் வாருங்கள்.

தொடங்க முன்: உள்ளே என்ன இருக்கிறது?

உங்களையே கேட்டுப் பாருங்கள். இந்த டிஸ்க்கில் மட்டும் இருந்து வேறெங்கும் இல்லாதது ஏதாவது உண்டா? கலியாணப் படங்கள், சங்கத்துக் கணக்கு, ரீச்சர் பத்து வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள், காணி உறுதியின் ஸ்கான் பிரதி. ஒன்றுமில்லை என்றால் பயமின்றி எதையும் செய்து பார்க்கலாம். உண்டு என்றால், முடியும்வரை நான்கு விஷயங்களை மனதில் வைத்திருங்கள்.

திரையில் 'ஃபோர்மட் செய்யவா', 'இனிஷியலைஸ் செய்யவா' என்று என்ன கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அதே டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் அடிக்காதீர்கள். விண்டோஸின் 'செக் டிஸ்க்' சோதனையை ஓட விடாதீர்கள். அது பார்த்துவிட்டுப் போகும் வேலையல்ல, பிழையென்று தனக்குத் தோன்றுவதை டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும், பழுதாகிவரும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவும் வைக்கும். வித்தியாசமான சத்தம் கேட்டால் அந்த நிமிடமே கரண்டை நிறுத்துங்கள்.

1. காதால் கேளுங்கள், கையால் உணருங்கள்

அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கொம்பியூட்டரைப் போடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், கரண்ட் பாய்ந்த உடனே மெல்லிய ரீங்காரம் எழுந்து சில நொடியில் ஒரே சீராகும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கின் உலோக உடம்பில் இரண்டு விரலை வைத்தால் அதன் நடுக்கம் தெரியும்.

சீராகச் சுழல்கிறது என்றால் நல்ல செய்தி, அடுத்த படிக்குப் போகலாம். ஒரு நடுக்கமும் இல்லை என்றால் பவர் வரவில்லை, அல்லது டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சைப் பலகை எரிந்திருக்கிறது. இரண்டையும் பின்னால் பார்ப்போம். 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே இடைவெளியில் தட்டினால், அல்லது சுழல முயன்று முடியாமல் 'பீப்' என்று முனகினால், மற்றப் படிகள் உங்களுக்கு வேண்டாம். நிறுத்திவிட்டு ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

அந்தத் தட்டும் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், டிஸ்க்குக்குள் வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில் மிதந்தபடி ஓடுகிறது. தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. முனை பழுதாகித் தட்டில் உரசினால், ஒவ்வொரு சுற்றும் உங்கள் படங்களைச் சுரண்டி எடுக்கிறது. நம்மூர்ச் சோளகக் காற்றில் பறக்கும் புழுதியின் ஒரு துகள் அந்த இடைவெளியைவிடப் பல நூறு மடங்கு தடிப்பு. டிஸ்க்கின் மூடியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்க், என்றால் சத்தமே இராது. அதற்கு இந்தப் படி பொருந்தாது.

2. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு தடவை

பென் ட்ரைவ், மெமரி கார்ட் ரீடர், பிரிண்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முதல்நாள் செருகிய பென் ட்ரைவ் அப்படியே இருந்து, கொம்பியூட்டர் அதிலிருந்து எழும்பப் பார்த்து முடியாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அப்புறம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். லப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக்கூடிய வகையானால் அதையும் எடுத்துவிட்டு அதே போல அமத்துங்கள். தேங்கிநிற்கும் மின்சாரம் இறங்கும். திரும்பப் போடுங்கள்.

முதல் தடவை டிரைவைக் காணாமல், உடனே ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்றால் அதைக் குறித்து வையுங்கள். டிஸ்க் வேகமெடுக்க நேரமாகிறது, கொம்பியூட்டர் காத்திராமல் தேடிவிட்டுப் போகிறது என்று பொருள். பெரும்பாலும் பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் பவர் சப்ளை தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்க்கின் மோட்டர். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட்டும் தண்ணீர் மோட்டரும் ஓட, கம்பி வரிசையின் கடைசி வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்கும்போது மட்டும் இது நடந்தால், சந்தேகம் முதலில் பவர் சப்ளையின் மேல்தான். இப்படி ஒருமுறையேனும் எழும்பிவிட்டால் வேறு வேலை பார்க்காதீர்கள். முக்கியமானவற்றை அந்த நேரமே வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.

3. பயோஸுக்குள் போய்ப் பாருங்கள்

விண்டோஸ் எழும்ப முன் மதர்போர்டு தன் சாமான்களை எண்ணிப்பார்க்கும் இடம் பயோஸ். பவர் பட்டனை அமத்திய உடனே, உரிய விசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். டெல், ஏசர் என்றால் எஃப் 2. எச்பி என்றால் எஃப் 10, அல்லது எஸ்கேப் தட்டினால் வரும் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். லெனோவோவில் எஃப் 1 அல்லது எஃப் 2. ஏசூஸ் லப்டொப்பில் எஃப் 2. கடையில் கூட்டிய கொம்பியூட்டர்களில், அதாவது ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏசூஸ் மதர்போர்டுகளில், பெரும்பாலும் டிலீட் விசை. சில லெனோவோ லப்டொப்பின் பக்கத்தில் ஊசி நுழையும் அளவான துளையோ சின்னப் பட்டனோ இருக்கும். நிறுத்திய நிலையில் அதை அமத்தினாலும் பட்டியல் வரும்.

உள்ளே 'சாட்டா', 'ஸ்டோரேஜ்', 'என்விஎம்இ' என்ற தலைப்புகளைத் தேடுங்கள். சாட்டாவும் என்விஎம்இயும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் இரண்டு வகைகள். அங்கே உங்கள் டிஸ்க்கின் பெயரும் அளவும் எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கிருந்து பாதை மூன்றாகப் பிரிகிறது. பெயர் சரியாக இருந்தால் நான்காம் படி. பெயரே இல்லை என்றால் ஐந்தாம் படி. பெயரோ அளவோ கோணலாக இருந்தால் எட்டாம் படி. எதையும் மாற்ற முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். பழையபடி திருப்பிவைக்க அந்தப் படம் வேண்டிவரும்.

4. டிஸ்க் தெரிகிறது, ஆனால் எழும்பவில்லை

அந்த அம்மாவின் பெட்டியில் நான் கண்டது இதைத்தான். பயோஸில் டிஸ்க்கின் பெயரும் அளவும் பிழையில்லாமல் இருந்தன. மேல் மூலையில் திகதியைப் பார்த்தேன், பல வருடம் பின்னால் நின்றது. காரணம் அந்த நேரமே தெரிந்துவிட்டது.

மதர்போர்டில் சிஆர்2032 என்று எழுதிய 3 வோல்ட் நாணயப் பற்றரி ஒன்று இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் நேரத்தையும் பயோஸ் செட்டிங்குகளையும் காத்துவைப்பது அதன் வேலை. சுவர்ப் பிளக் எப்போதும் செருகியே இருந்தால் பற்றரி செத்திருந்தாலும் தெரியாது, பவர் சப்ளையே தாங்கும். நாமோ பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கும் ஒவ்வொரு இரவும் பிளக்கைக் கழற்றுகிறோம். கழற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த இரவில் செத்த பற்றரியால் செட்டிங்குகள் அழிந்து, தொழிற்சாலையில் வைத்தபடிக்குத் திரும்பிவிடுகின்றன. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் இதே நிலைமைதான்.

அம்மாவின் விண்டோஸ் 'லெகசி' என்ற பழைய எழும்பும் முறையில் அடித்தது. அழிந்த செட்டிங் 'யூஈஎஃப்ஐ' என்ற புது முறைக்குத் திரும்பியிருந்தது. டிஸ்க் கண்முன்னே இருந்தும் அதிலிருந்து எழும்பும் வழி கொம்பியூட்டருக்குத் தெரியவில்லை. புதுப் பற்றரி போட்டு, முறையை மாற்றி, பூட் வரிசையில் டிஸ்க்கை முதலாவதாக வைத்தேன். எழும்பிவிட்டது. முகப்புத் திரையில் அவருடைய தாயும் தகப்பனும் ஒரு ஓலைவேலிக்கு முன்னால் நிற்கிற படம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நீங்களும் இந்த வரிசையில் பாருங்கள். திகதி பிழையா? பற்றரியை மாற்றுங்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகு, பக்கத்திலுள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் பற்றரி மேலே துள்ளும். எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி புதியதைப் போடுங்கள். பிறகு பூட் வரிசை. பிறகு யூஈஎஃப்ஐயா லெகசியா என்பது. இப்போது எது இருக்கிறதோ அதை மற்றதாக மாற்றிப் பாருங்கள். பிறகு சாட்டா முறை, அதாவது மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம். அதில் 'ஏஎச்சிஐ', 'ரெய்ட்', பழைய மதர்போர்டுகளில் 'ஐடிஇ' என்று இருக்கும். விண்டோஸ் அடித்தபோது இருந்த முறை மாறினால், விண்டோஸ் கொஞ்சம் எழும்பி 'இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரையோடு விழும். பழைய முறைக்குத் திருப்பினால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

புது லப்டொப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11இல் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லப்டொப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், 'பிட்லொக்கர்' பூட்டு. பயோஸ் செட்டிங்கில் கைவைத்தால் அது 48 இலக்கத் திறவுஎண்ணைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், வேறொரு போனிலிருந்து கணக்கைத் திறந்து பார்க்கலாம். லப்டொப்பைக் கடையில் வாங்கியபோது கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தந்திருந்தால், எண் அவரிடம்தான் இருக்கும். எதையும் மாற்ற முன் இதைத் தேடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால், விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் கெட்டிருக்கலாம். வேறு கொம்பியூட்டரில் விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவ் ஒன்று செய்து, அதிலிருந்து எழுப்பி, 'ரிப்பேர் யுவர் கொம்பியூட்டர்', 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று போங்கள். 'இன்ஸ்டோல்' பட்டன் பக்கத்திலேயே இருக்கும், கை தவறிவிடக் கூடாது. முக்கியமான படங்கள் உள்ளே இருந்தால் இதைக்கூட ஏழாம் படியில் பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள்.

5. டிஸ்க் தெரியவே இல்லை: பெட்டியைத் திறப்போம்

பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் உலோகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே கையை விடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கும். முதலில் சாய்த்து வைத்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒரு பெட்டியில், டிஸ்க்கின் பவர் பிளக்குக்குள் சின்னச் சிவப்பெறும்புகள் முட்டை வைத்திருந்தன. பிளக்கை இழுத்ததும் வெள்ளையாக உதிர்ந்தன. நசுங்கிய எறும்புகள் இரண்டு மூன்று முனைகளை மூடி, கறுத்த பசைபோல ஒட்டியிருந்தன. ஐசோப்ரோபைல் அற்ககோல் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காயவிட்டுச் செருகினேன். டிஸ்க் எழும்பிவிட்டது.

சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு வயர் வரும். குறுகலானது தரவு வயர், 7 முனை. அகலமானது பவர், 15 முனை. இரண்டையும் டிஸ்க் பக்கத்திலும் மதர்போர்டு பக்கத்திலும் முழுக்கக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். கிறவல் ரோட்டில் ஓட்டோவிலும் சைக்கிள் கரியரிலும் வந்த பெட்டிகளில் வயர் அரைவாசி கழன்று நிற்பது சாதாரணம். அதற்கும் தெரியவில்லை என்றால் தரவு வயரை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு துளையில் செருகுங்கள், பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு பிளக்கைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் பழுது எது என்று கடைசிவரை தெரியாது. கரண்ட் ஓடும்போது கழற்றவோ செருகவோ வேண்டாம்.

பழைய நான்குமுனை வெள்ளைப் பிளக்கைச் சாட்டா பிளக்காக மாற்றும் சின்ன வயர் உங்கள் பெட்டியில் இருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வரும் மலிவானவை உள்ளே ஒன்றையொன்று தொட்டு எரிந்துபோவதுண்டு. உருகிய வாசமோ பழுப்பு நிறமோ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

மல்ரிமீற்றர் இருந்தால், கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டுப் பவரை அளக்கலாம். சாட்டா பிளக்கின் முனைகள் மிகச் சின்னவை, அதே வரிசையில் நான்குமுனை வெள்ளைப் பிளக் இருந்தால் அதில் அளப்பது சுலபம். நேர்மின்னோட்டம் 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயரில் வைத்து, மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் இடையில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் வருகிறதா பாருங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டர் 12 வோல்ட்டில் சுற்றுகிறது. சின்ன 2.5 அங்குல டிஸ்க்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் 5 வோல்ட் போதும். எஸ்எஸ்டி தெரிகிறது, பெரிய டிஸ்க் மட்டும் செத்ததுபோலக் கிடக்கிறது என்றால் மஞ்சள் வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முல்லைத்தீவு, அலம்பில் போன்ற கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் வருடக்கணக்காக இருந்த பெரிய டிஸ்க்கைக் குப்புறப் போட்டால், பச்சைப் பலகை சின்ன நட்சத்திரத் தலை ஆணிகளால் பிடித்திருப்பது தெரியும். அந்தப் பலகைக்கு அடியில், அது டிஸ்க்கின் உடம்பைத் தொடும் இடத்துப் பட்டைகள் கறுத்துப்போனால் டிஸ்க் தெரியாது. கை நடுங்காதவர்கள் பலகையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் பட்டைகளை மெல்லத் தேய்த்து, துடைத்துப் பூட்டலாம். பலகையைக் கழற்றுவது மூடியைத் திறப்பதல்ல, புழுதி உள்ளே போகாது. மூடிமேல் உள்ள ஆணிகளை மட்டும் தொடவே கூடாது.

எம்.2 வகை எஸ்எஸ்டி, அதாவது சூயிங்கம் துண்டுபோல நீளமானது, என்றால் ஆணியைக் கழற்ற அது சாய்ந்து மேலெழும். இழுத்து, தங்க நிறப் பற்களைத் துடைத்து, சாய்வாக உள்ளே தள்ளி, அமத்தி ஆணி பூட்டுங்கள். புதிதாக வாங்கிப் போட்டது தெரியவில்லை என்றால் வகையைப் பாருங்கள். ஒரே உருவத்தில் சாட்டாவும் என்விஎம்இயும் விற்கிறார்கள், சில மதர்போர்டுத் துளைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். சில மதர்போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு அணைந்துவிடும். எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க் காணாமல் போனது என்றால், பழையதை வேறு சாட்டா துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

லப்டொப்பில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது பல நேரம் மெல்லிய பட்டை வயர். அது மடிந்த இடத்தில் கிழியும். டிஸ்க் வெளியே வேலை செய்து, லப்டொப்புக்குள் மட்டும் தெரியவில்லை என்றால் பட்டை வயரைத்தான் மாற்ற வேண்டும்.

6. வேறு கொம்பியூட்டரில் செருகிப் பாருங்கள்

டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிளில் பூட்டி, நல்ல கொம்பியூட்டர் ஒன்றில் செருகுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி பவரே போதும். பெரியதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு ஸ்டூடியோத் தம்பியின் வெளி டிஸ்க்கில் மூன்று கலியாண வீட்டுப் படங்கள் இருந்தன. அதன் அடாப்டரைக் காணவில்லை என்று, துளைக்குள் சரியாகப் போகிறதே என நினைத்து லப்டொப் சார்ஜரைச் செருகிவிட்டார். லப்டொப் சார்ஜர் 19 வோல்ட். ஒரு மெல்லிய 'டப்', கருகிய வாசம். டிஸ்க்கின் பலகையில் இதற்காகவே வைத்திருக்கும் பாதுகாப்பு டையோடு தன்னை எரித்துக்கொண்டு மற்றதைக் காத்திருந்தது, அதனால் பிறகு மீட்க முடிந்தது. ஆனால் அந்த மூன்று குடும்பத்துக்கும் பதில் சொல்லும்வரை அந்தத் தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. அடாப்டரின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டை வாசிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

செருகியதும் விண்டோஸில் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். சரியான அளவோடு தெரிந்தால் டிஸ்க் உயிரோடிருக்கிறது. 'ரோ' என்றோ 'அன்அலொகேட்டட்' என்றோ காட்டினால், டிஸ்க் இருக்கிறது, உள்ளடக்கத்தின் அட்டவணைதான் கெட்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் 'ஃபோர்மட் செய்யவா' என்ற கேள்வி மேலெழும். வேண்டாம்.

பிறகு 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். டிஸ்க் தன்னைப்பற்றித் தானே எழுதிவைத்த குறிப்பைக் காட்டும். 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசிப் பெறுமதி பூச்சியமாக இல்லாவிட்டால் தட்டில் பழுது தொடங்கிவிட்டது. சி7 மட்டும் ஏறியிருந்தால் அது டிஸ்க்கின் பிழையல்ல, தரவு வயரில் செய்தி சிதறுகிறது. வயரை மாற்றிய பிறகு அந்த எண் குறையாது, ஆனால் மேலும் ஏறாது. இதை அறியாமல் நல்ல டிஸ்க்கை மாற்றியவர்கள் உண்டு.

7. முதலில் முழுப் பிரதி, பிறகுதான் மீட்பு

டிஸ்க் தெரிந்து, ஆனால் இழுபட்டு இழுபட்டு வேலை செய்தால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்காதீர்கள். பழுதான டிஸ்க்குக்கு எஞ்சியிருக்கும் ஓட்டம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டத்தை ஒரே தடவையில் முழுப் பிரதி எடுக்கச் செலவழிக்க வேண்டும்.

இதற்கு உபுண்டு லினக்ஸை பென் ட்ரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே எழுப்பி, 'டிடி ரெஸ்கியூ' என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துவேன். அது முதலில் இலகுவாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் பக்கத்துக்கு அந்த ஒரு குணமே போதும். அந்தக் குறிப்புக் கோப்பை வெளி டிஸ்க்கில் வையுங்கள். பென் ட்ரைவிலிருந்து எழுப்பிய லினக்ஸுக்குள் வைத்தால் கரண்ட் போக அதுவும் போய்விடும். பிரதி எடுக்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. எது மூலம், எது பிரதி என்பதை டிஸ்க்கின் தொடரிலக்கத்தோடு ஒப்பிட்டு இரண்டு தடவை பாருங்கள். மாறிவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும்.

பிரதி முடிந்ததும் மூலத்தைக் கழற்றி ஓரமாக வையுங்கள். 'ஃபோட்டோரெக்', 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற மீட்பு மென்பொருளையோ செக் டிஸ்க்கையோ பிரதியில் ஓடவிடுங்கள்.

8. எஸ்எஸ்டியின் தனிக் குணங்கள்

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் திடீரென்று போனால், சில எஸ்எஸ்டிகள் தன் உள்அட்டவணை குழம்பி, பயோஸில் காணாமல் போய்விடும். செத்ததென்று முடிவெடுக்க முன் ஒன்றைச் செய்து பாருங்கள். தரவு வயரைக் கழற்றி, பவர் வயரை மட்டும் விட்டு, கொம்பியூட்டரைப் போட்டு 20 நிமிடம் சும்மா விடுங்கள். நிறுத்தி அரை நிமிடம் பவரைக் கழற்றுங்கள். இன்னொரு தடவை அதேபோல 20 நிமிடம். பிறகு தரவு வயரைச் செருகிப் பாருங்கள். அந்த நேரத்தில் எஸ்எஸ்டி தன் அட்டவணையைத் தானே அடுக்கிக்கொள்ளும். லப்டொப் என்றால் பயோஸ் திரையிலேயே அவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம். எல்லாவற்றுக்கும் இது பலிக்காது, ஆனால் கேடு ஒன்றும் இல்லை.

பெயர் மாறித் தெரிந்தால் அது வேறு நோய். மலிவு எஸ்எஸ்டிகள் சில, தன் பெயருக்குப் பதில் 'சாட்டாஃபேம் எஸ்11' என்று காட்டும். ஃபேம்வேரை, அதாவது எஸ்எஸ்டியை இயக்கும் உள் மென்பொருளை, படிக்க முடியாமல், கட்டுப்படுத்தும் சிப் தன் அடிப்படை நிலைக்குப் போய்விட்டது என்பதன் அடையாளம் அது. ஃபேம்வேரைத் திரும்ப அடித்தால் எஸ்எஸ்டி எழும்பலாம், உள்ளே இருந்தவை அதோடு போய்விடும். 2011இல் இன்டெல் 320 வரிசையிலும் கரண்ட் போனபின் முழு எஸ்எஸ்டியும் 8 மெகாபைட் என்று காட்டிய பிழை வந்து, நிறுவனம் ஃபேம்வேர் திருத்தம் வெளியிட்டது. அளவு இப்படிக் கோணலாக வந்தால், படங்கள் முக்கியமானால், நீங்களாக எதையும் அடிக்க வேண்டாம்.

9. இதற்கு மேல் நம் கையில் இல்லை

தட்டும் சத்தம், முனகல், கருகிய பலகை, பெயர் மாறிய எஸ்எஸ்டி, இவை தூசியில்லா அறையும் உரிய கருவிகளும் உள்ள தரவு மீட்பு நிலையத்துக்குரியவை. அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். செலவாகும். மீட்க முடியாவிட்டால் எவ்வளவு, பார்வையிடக் கட்டணம் உண்டா, டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று கொடுக்க முன்பே கேளுங்கள்.

அதுவரை குளிர்பெட்டிக்குள் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது ஒன்றும் வேண்டாம். குளிரவைத்து எடுத்தால் நம் வெக்கையில் உள்ளே நீர் கோத்துவிடும். அதே மொடல் டிஸ்க்கின் பலகையைக் கழற்றிப் பூட்டினால் சரிவரும் என்றும் சொல்வார்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சின்னச் சிப்பில் இருக்கின்றன. சிப்பையும் மாற்றிப் பற்றவைக்கத் தெரியாதவர் அதைச் செய்யக் கூடாது.

பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் நிலைமின்சாரம் காக்கும் சாம்பல் நிறப் பையில் போட்டு, சுற்றிலும் இரண்டு விரல் தடிப்புக்கு ஸ்பொஞ்ச் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

10. புது டிஸ்க்கும் தெரியவில்லை என்றால்

புதிது வாங்கிப் போட்டு விண்டோஸ் நிறுவப் போனால், 'டிரைவ் ஒன்றும் இல்லை' என்று வரலாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான லப்டொப்களில் டிஸ்க்குகளைக் கையாளும் 'விஎம்டி' என்ற அமைப்பு இயங்கினால், விண்டோஸின் நிறுவும் பென் ட்ரைவுக்கு டிஸ்க் தெரியாது. லப்டொப் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிஸ்க்கை அடையாளங்காட்டும் மென்பொருளான இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதே பென் ட்ரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டுங்கள். அல்லது பயோஸில் விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவுங்கள். பழைய விண்டோஸ் ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் அப்படி அணைக்காதீர்கள்.

டிஸ்க் மாற்றிய கையோடு பழைய கேபிளையும் மாற்றுங்கள். யூபிஎஸ் ஒன்று போட்டால் திடீர் கரண்ட் வெட்டிலிருந்து எஸ்எஸ்டி தப்பும். இடிக்கு யூபிஎஸ் போதாது. அப்போது சுவர்ப் பிளக்கோடு ரவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இறக்கியிருக்கிறதா என்று ஒரு வயர்மன் அண்ணையைக் கூப்பிட்டுப் பாருங்கள். கோடையில் தரை காய்ந்து கிடக்கும் நம் பக்கத்தில் எர்த் கம்பி பேருக்கு நிற்கும் வீடுகள் பல.

அந்த அம்மாவின் படங்களை அன்றே இரண்டு வெளி டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மற்றதை வவுனியாவில் இருக்கும் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை வரும்போது மகள் அதைக் கொண்டுவந்து, புதிதாக வந்த படங்களையும் சேர்த்துக்கொண்டு போகிறா.